தீவா, பெருநிலமா: பறவைகளைப் படிக்க எது தோது?

பலவகைப் பறவைகள் ஒரே இடத்தில் எப்படிப் பிழைப்பைப் பங்குபோட்டுக் கொள்கின்றன என்று பார்க்க எங்கே போய் உட்காரலாம்? பெருநிலக் காட்டில் சில வருடங்களும் ஒரு சின்னத் தீவில் ஒரே ஒரு பருவமும் கழித்துவிட்டு, நான் தீவின் பக்கம் சாய்ந்துவிட்டேன்.

எத்தனை இனங்கள் என்று கேட்டால் பெருநிலம்தான், அதில் பேச்சே இல்லை. தீவு சிறுக்கச் சிறுக்க, கரையிலிருந்து விலக விலக இனங்கள் குறையும் என்று சூழலியலாளர்கள் மெக்ஆர்தரும் வில்சனும் 1960-களிலேயே விளக்கிவிட்டார்கள். பெருநிலக் காட்டில் பல இனப் பறவைகள் சேர்ந்து இரைதேடும் கலப்புக் கூட்டம் ஒன்று கடந்தால் அடிமரத்தில் ஒன்று, இலைக்கு அடியில் ஒன்று, நுனிக்கொம்பில் ஒன்று என ஆளுக்கொரு வேலை. நாலு பெயர் எழுதுவதற்குள் கூட்டம் போயே போய்விடும்.

தீவில் அந்த அவசரம் இல்லை. ஆனால் என்னை இழுத்தது அது அல்ல. மரங்கொத்தியே வந்து சேராத தீவில் மரப்பட்டைக்குள் இருக்கும் புழுவை யார் தின்பது? இந்தக் கேள்வியைத் தீவில்தான் கேட்க முடியும். கோஸ்டா ரிக்காவுக்கு 500 கி.மீ.க்கு அப்பால் இருக்கும் கோகோஸ் தீவையே பாருங்கள். அங்கே நிரந்தரமாகத் தங்கும் நிலப்பறவைகள் நாலே இனம். அதில் ஒன்று, பசிபிக் கடலின் கலாபகஸ் தீவுகளில் வாழும் டார்வின் குருவிகளின் உறவுக்காரக் குருவி. கலாபகஸில் அந்த உறவுக்காரர்கள் விதைக்கு ஒரு அலகு, பூச்சிக்கு ஒரு அலகு என்று தனித்தனி இனங்களாகப் பிரிந்துவிட்டார்கள். கோகோஸில் இனம் பிரியவில்லை, வேலை மட்டும் பிரிந்தது. ஒரு குருவி பூவில் தேன் குடிக்கும், பக்கத்திலேயே இன்னொன்று இலையைக் கிளறிப் பூச்சி பிடிக்கும். நாள் மாறினாலும் அதது தன் வழக்கத்தை விடுவதில்லை. வயது, ஆண் பெண், அலகின் அளவு எதுவும் இதற்குக் காரணமாகத் தெரியவில்லை; ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றிருக்கலாம். பெருநிலத்தில் பல இனங்கள் செய்யும் வேலையை இங்கே ஒரே இனத்தின் தனிப் பறவைகள் பிரித்துக்கொள்கின்றன!

இனங்கள் குறைந்த இடத்தில் இருக்கிற இனம் எண்ணிக்கையில் பெருகும் என்பார்கள். பல தீவுகளில் சரி, எல்லாத் தீவுக்கும் பொருந்தாது. என் ஒரு பருவக் குறிப்பை வைத்து நானும் அடித்துச் சொல்லமாட்டேன்.

பெருநிலத்துக்கும் ஒரு வலு உண்டு. ஒரு இனம் போனால், அதன் வேலையில் பாதியையாவது செய்ய இன்னொன்று பெரும்பாலும் இருக்கும். தீவில் மாற்றாள் கிடையாது. இரண்டாம் உலகப் போரை ஒட்டிப் பசிபிக் தீவான குவாமுக்குள் நுழைந்த பழுப்பு மரப்பாம்பு, அங்கிருந்த 12 காட்டுப் பறவையினங்களில் 10-ஐ வழித்துத் துடைத்துவிட்டது. அப்புறம் பூச்சியும் சிலந்தியும் தின்ன ஆளில்லை. மழைக்காலத்தில் அந்தக் காட்டுக்குள் நடந்தால் பக்கத்துத் தீவுகளைவிட 40 மடங்கு வரை சிலந்திகள்.