வீட்டைப் 'பார்த்துக்கொள்ளும்' ஏஜென்சியா? கொஞ்சம் உஷார்

நான் வெளியூர்வாசி. வாடகைக்கு விட்ட வீட்டைப் பராமரிக்க ஓர் ஏஜென்சியை அமர்த்தியிருந்தேன். ஆளை விசாரிப்பது, வாடகை வசூல், அவ்வப்போது உள்ளே போய்ப் பார்ப்பது எல்லாம் அவர்கள் பொறுப்பு. அதற்குத்தான் மாதாமாதம் கட்டணம்.

கீழ்வீட்டில் தண்ணீர் ஒழுகுகிறது என்று பிளம்பரோடு உள்ளே போனபோதுதான் விஷயம் தெரிந்தது. இரண்டு அறை நிறையக் கஞ்சாச் செடி. ஜன்னல் கண்ணாடி முழுக்க அலுமினியத் தாள். சூடான காற்று வெளியேறக் கூரையில் ஓட்டை போட்டுக் குழாய் விட்டிருந்தார்கள். சுவரெல்லாம் பூஞ்சை. மீட்டருக்குப் போகாமல் வயரை நேராக இழுத்திருந்ததால், அத்தனை விளக்கு எரிந்தும் பில் ஏறவில்லை. ஏஜென்சி அனுப்பிய ஆய்வு அறிக்கைகளைத் தேடி எடுத்தேன். எல்லாவற்றிலும் ஒரே படம். சுவர்க் காலண்டரில்கூட மாதம் மாறவில்லை!

அப்புறம் ஏஜென்சி செய்ததுதான் இன்னும் மோசம். குடியிருப்பவருக்குக் காலி செய்யச் சொல்லி ஒரு மெசேஜ் மட்டும் அனுப்பினார்கள். என்ன காரணம், ஒப்பந்தத்தின் எந்த நிபந்தனையை அவர் மீறினார் என்று ஒரு வரி இல்லை. அடுத்த மாத வாடகையையும் வழக்கம்போல வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். இப்போது வழக்கில் குடியிருப்பவரின் வக்கீல், "தெரிந்தே வாடகை வாங்கியவர்கள் எப்படி வெளியேறச் சொல்லலாம்?" என்கிறார். பல நாடுகளில் இந்த வாதம் எடுபடும். தெரிந்தும் அனுமதித்தார் என்று ஆகிவிட்டால் உரிமையாளர் மேலேயே வழக்கு வரலாம். என் வக்கீல் உடனே போலீசில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுக்கச் சொன்னது அதனால்தான். புகார் கொடுத்ததற்கான ரசீதை அவரே வாங்கிப் பத்திரப்படுத்தினார்.

இதற்கு நடுவில் ஏஜென்சி ஆள் ஒரு யோசனை சொன்னார்: பூட்டை மாற்றிவிடலாம், கரண்டை நிறுத்திவிடலாம், சாமானைத் தெருவில் வைத்துவிடலாம், அதற்குத் தனிக் கட்டணம். குடியிருப்பவர் குற்றவாளியாகவே இருந்தாலும், நீதிமன்ற உத்தரவு இல்லாமல் இப்படிச் செய்வது பெரும்பாலான இடங்களில் சட்டவிரோதம். போலீஸ் பார்ப்பதற்குள் வீட்டைக் காலி செய்தால் ஆதாரமும் போய்விடும். கையெழுத்துப் போடச் சொல்லி அவர் நீட்டிய தாளில் என் பெயர் மட்டும்தான் இருந்தது, ஏஜென்சியின் பெயர் எங்கேயும் இல்லை.

வழக்கு இன்னும் நடக்கிறது. ஏஜென்சியிடமிருந்து கடைசியாக வந்த பில்லிலும் 'ஆய்வுக் கட்டணம்' என்று ஒரு வரி இருக்கிறது. கட்டவில்லை. நஷ்டஈடு கேட்டு அவர்களுக்கும் நோட்டீஸ் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.