ரெண்டர் பாதில நின்னா: ஹார்டுவேர் என்கோடிங்கா, சாஃப்ட்வேர் என்கோடிங்கா?

வீடியோ எடிட் பண்ற பிரீமியர் ப்ரோல எக்ஸ்போர்ட் போட்டு முக்கால்வாசி ஓடினதுக்கு அப்புறம் "எரர் கம்பைலிங் மூவி"ன்னு வந்து நின்னா எல்லாரும் மொதல்ல சொல்றது கிராஃபிக்ஸ் கார்டு டிரைவர மாத்துன்னு தான். எடிட் பண்ணத வீடியோ ஃபைலா சுருக்கற என்கோடிங் வேலைய கிராஃபிக்ஸ் கார்டு (ஜிபியு) செஞ்சா ஹார்டுவேர் என்கோடிங், சிபியு செஞ்சா சாஃப்ட்வேர் என்கோடிங். நான் ரெண்டு வழியும் ஓட்டிப் பாத்துட்டு, கிளையன்டுக்குக் குடுக்கற ஃபைனல் எல்லாத்தையும் இப்போ சாஃப்ட்வேர் என்கோடிங்ல தான் எடுக்கறேன். (டெஸ்க்டாப், என்விடியா கார்டு, அந்த அனுபவத்துல தான் சொல்றேன். ஏஎம்டி கார்டு நான் ஓட்டினதில்ல.)

வேகம்னு பாத்தா ஹார்டுவேர் தான், அதுல பேச்சே இல்ல. குவாலிட்டியும் 2018ல வந்த என்விடியாவோட டூரிங் கார்டுகள்ல இருந்து நல்லாவே ஏறிடுச்சு, யூடியூப்ல போட்டா அவங்க வேற மறுபடி கம்ப்ரஸ் பண்ணிடுவாங்க, அதனால பெருசா வித்தியாசம் தெரியாது.

எனக்கு முடிவு பண்ண வெச்சது பராமரிப்பு. ஹார்டுவேர் என்கோடிங் நடக்கணும்னா பிரீமியர் வெர்ஷன், டிரைவர், விண்டோஸ் மூணும் ஒத்துப்போகணும், ஆனா மூணுக்கும் அப்டேட் தனித்தனியா வருது, போன மாசம் ஒழுங்கா போன ப்ராஜெக்ட்ட கிளையன்ட் "ஒரு பேர் மட்டும் மாத்திக் குடுங்க"ன்னு கேக்கறப்போ திறந்தா எக்ஸ்போர்ட் ஆக மாட்டேங்குது. என்விடியா கேமுக்குன்னு குடுக்கற கேம் ரெடி டிரைவர விட்டுட்டு, எடிட்டிங் மாதிரி வேலைக்குன்னு குடுக்கற ஸ்டுடியோ டிரைவர் போட்டா தொல்லை குறையும், ஆனா டிரைவர கண்காணிக்கற வேலை நம்ம தலைல தான். சாஃப்ட்வேர்ல என்கோடிங் முழுக்க சிபியு பாத்துக்கும், அந்த இடத்துல டிரைவருக்கு வேலையே கிடையாது.

நிறைய பேர் இதுக்கு பயப்படறது ஜிபியு மொத்தமா ஆஃப் ஆயிடும்னு நினைச்சு. அப்படி இல்லங்க, எக்ஸ்போர்ட்ல இருக்கற "பெர்ஃபார்மன்ஸ்" வேற, ப்ராஜெக்ட் செட்டிங்ஸ்ல இருக்கற "ரெண்டரர்" வேற. மொதல்ல உள்ளத சாஃப்ட்வேர் ஆக்கினாலும் கலர், எஃபெக்ட் எல்லாம் ஜிபியுலயே (ரெண்டரர்ல CUDAன்னு இருக்கும்) ஓடும். வீடியோவ ரெண்டு தடவ அலசி டேட்டாவ பங்கு போடற விபிஆர் 2 பாஸும் சாஃப்ட்வேர் என்கோடிங்ல தான் கிடைக்கும், ஹார்டுவேர்ல கிடையாது.

கோளாறு எங்கன்னு கண்டுபிடிக்கவும் இதான் வசதி. பெர்ஃபார்மன்ஸ மட்டும் சாஃப்ட்வேருக்கு மாத்துங்க, எக்ஸ்போர்ட் முடிஞ்சா ஹார்டுவேர் என்கோடர்லயோ டிரைவர்லயோ தான் கோளாறு. மறுபடி அதே டைம்கோடுல நின்னா அங்க இருக்கற கிளிப்போ எஃபெக்டோ தான், அந்த கிளிப்ப "ரெண்டர் அண்ட் ரீப்ளேஸ்" பண்ணிட்டு (அத மட்டும் தனி வீடியோ ஃபைலா எடுத்து அதே இடத்துல வெச்சுக்கும்) எக்ஸ்போர்ட் குடுங்க. அதுக்கும் மசியலன்னா ரெண்டரரையும் "சாஃப்ட்வேர் ஒன்லி"க்கு மாத்திப் பாருங்க, அப்போ எக்ஸ்போர்ட் முடிஞ்சிடுச்சுன்னா கார்டு மெமரி பத்தலையான்னு பாக்கணும், 4கே டைம்லைன்ல நாய்ஸ் ரிடக்ஷன் போட்டிருந்தா மொத சந்தேகம் அது மேல தான்.

ஹார்டுவேர நான் தூக்கிப் போடல. கிளையன்டுக்கு பார்வைக்கு அனுப்பற டிராஃப்ட் எல்லாம் இன்னும் அதுல தான் போகுது, நின்னா திரும்ப அடிச்சுக்கலாம். ஃபைனல் மட்டும் ராத்திரி சாஃப்ட்வேர்ல போட்டுட்டு தூங்கப் போயிடறேன்.