ப்ரீலோடா, ஈகர்லோடா? ரெயில்ஸில் தொடர்புடைய பதிவுகளைக் காட்டும்போது

ரூபி மொழியின் வலைக் கட்டமைப்பான ரெயில்ஸில் ஒரு பக்கம்: 50 நூல்கள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஆசிரியர் பெயர். வியூவின் (பக்கத்தை வரையும் கோப்பு) லூப்புக்குள் நேராக ஆசிரியரைக் கேட்டால் நூல்களுக்கு 1, ஆசிரியர்களுக்கு 50 என மொத்தம் 51 குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வி) வரை ஓடும். நம் கணினியில் நாலைந்து பதிவுகளை வைத்துச் சோதிக்கும்போது இது கண்ணில் படாது. சர்வர் லாகைத் திறந்தால் வரிசையாக நிற்கும்.

ப்ரீலோட் இதை இரண்டு குவெரியில் முடிக்கும்: முதலில் நூல்கள், பிறகு அவற்றின் ஆசிரியர் ஐடிகளைத் திரட்டி ஒரே கேள்வி. வெறுமனே காட்டுவதற்கு இதுவே போதும். ஆனால் ஆசிரியரின் ஊரை வைத்து வடிகட்டப் போனால், அந்த டேபிள் குவெரியில் இல்லை என்று டேட்டாபேஸ் பிழை காட்டும்.

அங்கேதான் ஈகர்லோட் வேண்டும். லெஃப்ட் அவுட்டர் ஜாயின் (இரு டேபிள்களை ஒரே குவெரியில் இணைப்பது) போட்டு எல்லாவற்றையும் சேர்த்தே எடுப்பதால் வடிகட்டலாம், வரிசைப்படுத்தலாம். விலையும் உண்டு. ஒரு நூலுக்கு 10 விமர்சனம், 5 குறிச்சொல் என்று இரண்டையும் ஈகர்லோட் செய்தால், ஒவ்வொரு விமர்சனமும் ஒவ்வொரு குறிச்சொல்லோடும் ஜோடி சேர்ந்து நூலுக்கு 50 வரிசை (row). 20 நூலுக்கே 1000. இன்னொரு பொறி: ஒப்புதல் பெற்ற விமர்சனங்கள் என்று வடிகட்டினால், அப்படி விமர்சனமே இல்லாத நூல் பட்டியலிலிருந்து காணாமல் போகும், மிஞ்சிய நூல்களிலும் மற்ற விமர்சனங்கள் ஏறாது.

இதே வேலைக்கான மூன்றாவது முறை இன்க்ளூட்ஸ். அது வழக்கமாக ப்ரீலோட் போல நடக்கும். வேர் (where) நிபந்தனையில் தொடர்பு டேபிளை ஹாஷாக (பெயர்-மதிப்பு ஜோடியாக) கொடுத்தால் ஈகர்லோடாக மாறும். நிபந்தனையை வெறும் எழுத்துச் சரமாக (string) எழுதினால், எந்த டேபிள் என்று சொல்லும் ரெஃபரென்சஸும் சேர்க்க வேண்டும். சத்தமில்லாமல் மாறுவதால், எது வேண்டுமோ அதையே பெயர் சொல்லி எழுதுவது மேல். ஜாயின்ஸ் இந்தப் போட்டியிலேயே இல்லை: அது வடிகட்ட மட்டும், பதிவுகளை ஏற்றாது, ஆகவே 51 அப்படியே இருக்கும்.

எதைத் தேர்ந்தாலும் வியூ அதைக் கெடுக்கலாம். கவுண்ட் என்று எழுதினால் ஏற்றிவைத்திருந்தும் புதுக் குவெரி ஓடும். சைஸ் என்றால் ஓடாது. வியூவுக்குள் ஆர்டர் (வரிசைப்படுத்தல்) போட்டாலும் புதுக் குவெரிதான். எண்ணிக்கை மட்டும் காட்டுவதென்றால் விமர்சனங்களை ஏற்றவே வேண்டாம், எண்ணிக்கையை நூலின் பதிவிலேயே சேமித்துவைக்கும் கவுண்டர் கேஷ் போதும். ரெயில்ஸ் 6.1 முதல் ஸ்ட்ரிக்ட் லோடிங் இருக்கிறது. முன்கூட்டி ஏற்றாத தொடர்பைத் தொட்டவுடன் பிழை எழுப்பும். டெவலப்மென்ட்டில் அதை இயக்கி வைத்தால் லாகைத் துழாவும் வேலை பாதி குறையும்.