பி.எம்.டபிள்யூ எம்2: மதுரை ரோட்டில் 14 மாதம், செட்டிபாளையம் டிராக்கில் மூன்று நாள்

மதுரையில் 460 குதிரைத்திறன் காரை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று கேட்காத சொந்தக்காரர் யாரும் பாக்கி இல்லை. நியாயமான கேள்விதான். கோரிப்பாளையத்தில் டவுன் பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் நடுவில் முதல் கியரில் உருளும்போது அந்த 460-ல் பத்துக் குதிரைகூட வேலை செய்வதில்லை. 14 மாதம், 11,000 கிலோமீட்டர், கோயம்புத்தூர் பக்கம் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக்கில் மூன்று நாள் என்று ஓட்டி முடித்த பிறகு அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது. இந்தக் காரில் எனக்கு மிகவும் பிடித்தது பிரேக். அதற்கு அப்புறம் ஸ்டியரிங். என்ஜினுக்கு மூன்றாவது இடம்தான், அந்த என்ஜினே நான் ஓட்டியதில் மிகச் சிறந்தது என்ற போதிலும்.

என்னுடையது 2023 மாடல், இரண்டாவது கை, 6,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி, ஆறு கியர் மேனுவல். ஆட்டோமேட்டிக்கும் உண்டு. 0-விலிருந்து 100-க்கு அது 4.1 நொடி, மேனுவல் 4.3 நொடி என்று கம்பெனி சொல்கிறது. அந்த 0.2 நொடிக்காக மேனுவலை விடுவதாக இல்லை. என்ஜின் 3 லிட்டர், வரிசையாக ஆறு சிலிண்டர், இரண்டு டர்போ, 550 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, விசை முழுதும் பின் சக்கரத்துக்கு. 2024-க்குப் பிறகு வந்த மாடலில் 480 குதிரைத்திறன். பி.எம்.டபிள்யூவுக்குச் செங்கல்பட்டுப் பக்கம் 2007 முதல் ஆலை இருக்கிறது, ஆனாலும் எம்2 அங்கே பூட்டப்படுவதில்லை, மெக்சிகோவின் சான் லூயிஸ் பொட்டோசியிலிருந்து முழு வண்டியாகக் கப்பலில் வருகிறது. அதனால்தான் அந்த விலை. புதிது வாங்கினால் தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு உள்ள 20 சதவீத வாழ்நாள் வரியும் சேரும், அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துத்தான் இரண்டாவது கைக்குப் போனேன்.

எடையைப் பற்றி இப்போதே சொல்லிவிட வேண்டும். 1,700 கிலோ. 2016-ல் வந்த முதல் எம்2 1,500 கிலோவை ஒட்டித்தான் இருந்தது. இந்த வகைக்கு ஆதி என்று சொல்லப்படும் 1973-ல் வந்த பி.எம்.டபிள்யூ ‘2002 டர்போ’ என்ற மாடலுக்கு 170 குதிரைத்திறன்தான், அது ஒரு டன்னைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. சக்தி ஏற ஏற எடையும் ஏறியிருக்கிறது. ரோட்டில் இது தெரியாது, டிராக்கில் ஒவ்வொரு வளைவிலும் தெரியும்.

ஊருக்குள் எப்படி என்று பலர் கேட்டார்கள். கிளட்ச் பயந்த அளவு கனமில்லை, ஆனால் மாட்டுத்தாவணியிலிருந்து பெரியார் நிலையம் வரை சாயங்காலம் ஆறு மணிக்கு ஓட்டினால் இடது முட்டி சொல்லும். ஸ்டியரிங்கில் சிவப்பாக இரண்டு பொத்தான் இருக்கிறது, நமக்கு வேண்டிய அமைப்புகளை அதில் சேமித்து வைத்துக்கொள்ளலாம். முதல் பொத்தானில் சஸ்பென்ஷன், ஸ்டியரிங், என்ஜின் எல்லாமே மென்மை, அது மதுரைக்கு. இரண்டாவது டிராக்குக்கு. வேகத்தடைகளைக் குறுக்கே சாய்ந்து ஏறினால் பெரும்பாலானவை தாண்டிவிடும். வெள்ளைக் கோடு போடாமல் ராத்திரியோடு ராத்திரியாக முளைக்கும் தடைகள்தான் ஆபத்து. பின் டயர் 285/30, ரிம் 20 அங்குலம், அதாவது ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் எட்டரை சென்டிமீட்டர்தான். குழாய் பதிக்கத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளம் ஒன்றில் இறங்கி ஒரு பின் டயர் பக்கவாட்டில் வீங்கிவிட்டது. வீங்கிய டயரை ஒட்டவோ வைத்துக்கொள்ளவோ கூடாது, மாற்றத்தான் வேண்டும். ஒன்றை மாற்றினால் தேய்மானம் சமமாக இருக்க ஜோடியாக மாற்ற வேண்டும். அந்த அளவு இங்கே எந்தக் கடையிலும் இருப்பு இல்லை, சொல்லி வைத்து ஒன்பது நாள் காத்திருந்தேன். இரண்டு டயரும் சேர்ந்து ஒரு லட்சத்தை நெருங்கின. ஸ்டெப்னி இல்லாத கார் என்பதையும் மனதில் வையுங்கள்.

பூட்டக் கொண்டுபோன முதல் கடையில், ஜாக்கி வைக்கும் இடம் பார்க்காமல் தூக்கி, பக்கவாட்டுப் பிளாஸ்டிக்கைப் பிளந்துவிட்டார்கள். இப்போது போவது காளவாசல் பக்கம் சின்னக் கடை, அறுபது வயது தாண்டிய ஒருவர் தனி ஆளாகப் பார்க்கிறார். முதல் நாள் அவர் வண்டியைத் தொடவே இல்லை. சுற்றி வந்து குனிந்து பார்த்துவிட்டு, "தம்பி, எங்க தூக்கணும்னு புக்குல போட்டிருக்கும், எடுத்துக் காட்டுங்க, அப்புறம் தூக்குவோம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அவரிடம் போகிறேன்.

நான்குவழிச் சாலை வேறு கதை. திண்டுக்கல் ரோட்டில் ஆறாவது கியரில் 100 போகும்போது என்ஜின் 2,300 சுற்றுக்குள்தான் இருக்கும், ஒரு சத்தமும் இல்லாமல் நல்ல பெரிய செடான் போலப் போகும். முழு முறுக்குவிசையும் 2,650 சுற்றுக்கு மேல்தான் கிடைக்கும் என்பதால் கியரை நாலுக்கு இறக்கி மிதித்தால் லாரியைத் தாண்டுவது கண் சிமிட்டும் நேரம். இரண்டாவது கியர் முடிவதற்குள்ளேயே 100-ஐத் தாண்டிவிடும் கார் இது. நான்குவழிச் சாலையில் கார்களுக்கு 2018-ல் மத்திய அரசு அறிவித்த உச்ச வரம்பே 100தான். ஆகவே ரோட்டில் இந்தக் காரின் மொத்த சக்தியையும் சட்டப்படி ருசிக்கக் கிடைப்பது நாலு நொடி, ஆறு கியரில் இரண்டு. சமயநல்லூர், வாடிப்பட்டி பக்கம் எதிர்த்திசையில் விளக்கில்லாமல் வரும் இருசக்கர வண்டிகளையும் டிவைடரில் மேயும் மாடுகளையும் பார்த்தவர்கள் அதற்கு மேல் ஆசைப்பட மாட்டார்கள். நத்தம் பறக்கும் பாலத்தில், 7.3 கிலோமீட்டர் நேராகக் கிடைக்கிறதே என்று ராத்திரியில் 200 போய் வீடியோ எடுப்பவர்களைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. அங்கே டயர் வெடித்தால் ஒதுங்க மண் ஓரம்கூட இல்லை, குடும்பத்தோடு ஸ்கூட்டரில் வருகிறவர் எங்கே போவார்?

சிறுமலைக்கு இரண்டு தடவை ஏற்றினேன். 18 கொண்டை ஊசி வளைவு, ஒடுங்கிய ரோடு, விடியற்காலை. வேகம் நாற்பதைத் தாண்டவில்லை, ஆனாலும் ஸ்டியரிங்கின் அருமை அங்கேதான் தெரிந்தது. விரலை அசைத்தால் மூக்கு அசைகிறது, முன் டயர் எதன் மேல் உருள்கிறது என்பது உள்ளங்கைக்குத் தெரிகிறது. எதிரே வாழைத்தாரும் பலாப்பழமும் ஏற்றிய வண்டி வரும், காட்டுமாடு குறுக்கே வரும், அங்கே வேகம் காட்டுவது தப்பு.

சரி, செட்டிபாளையம். பழனி, உடுமலை, பொள்ளாச்சி வழியாக மதுரையிலிருந்து நாலரை மணி நேரம், காலை இரண்டு மணிக்குக் கிளம்பினால் ஆறரைக்குள் போய்விடலாம். ட்ராக் 2.1 கிலோமீட்டர். சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டையில் உள்ளது 3.7 கிலோமீட்டர், அங்கே நேர்கோடும் வேகமும் அதிகம். ஆனால் மதுரைக்காரனுக்குக் கிட்டத்தில் இருப்பது இதுதான், பெயரிலேயே வரலாறும் இருக்கிறது. எஸ். கரிவர்தன், கோவைக்காரர், மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரை வடிவமைத்துச் சாதாரண ஆட்களும் ரேஸ் ஓட்ட வழி செய்தவர். 1995-ல் விமான விபத்தில் இறந்துபோனார். 2005-ல் ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் அதே கோவைதான். 800 சிசி என்ஜின்தான் ஒரு ஊரையே ரேஸ் ஊராக்கியது என்று நினைக்கும்போது என் 460 குதிரைத்திறனை இன்னும் கொஞ்சம் மரியாதையோடு மிதிக்கத் தோன்றுகிறது.

முதல் நாள், ஐந்தாறு சுற்று நன்றாகப் போயிற்று. ஏழாவது சுற்றில் பிரேக் பெடல் பஞ்சு போல உள்ளே போனது. கார் நின்றது, ஆனால் வழக்கத்தைவிடத் தள்ளி நின்றது. தப்பு என்னுடையது, பிரேக் ஆயில் இரண்டு வருடப் பழசு, மாற்றாமல் வந்துவிட்டேன். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரியில்தான் கொதிக்க வேண்டும், ஈரம் ஏறியதும் அந்த அளவு 155 டிகிரியாகிவிடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவிக் குமிழி, குமிழி அமுங்கும், பெடல் உள்ளே போகும். ரோட்டில் இது வரவே வராது, ஏனென்றால் ரோட்டில் நாம் பிரேக்கை அவ்வளவு சூடாக்குவதில்லை. வேகம் இரண்டு மடங்கானால் டிஸ்க் விழுங்க வேண்டிய வெப்பம் நாலு மடங்கு. நேர்கோட்டு முடிவில் 160-ஐத் தொட்டேன், அங்கே வெப்பம் 100-ல் இருப்பதைப் போல இரண்டரை மடங்கு, அதையே ஒவ்வொரு சுற்றிலும் விடாமல்.

இரண்டாவது தடவை போவதற்குள் 300 டிகிரிக்கு மேல் தாங்கும் ரேஸ் ஆயில் ஊற்றி, டிராக்குக்கான முன் பிரேக் பேடும் மாற்றிவிட்டேன். முன் டிஸ்க் 380 மில்லிமீட்டர், ஆறு பிஸ்டன். அதற்கு அப்புறம் நாள் முழுக்க பெடல் கல்லு மாதிரி நின்றது. அன்றைக்கு சொல்லிக்கொடுக்க உட்கார்ந்த பயிற்சியாளர் கோவைத் தம்பி, என்னைவிடப் பத்து வயது சின்னவர். இரண்டு சுற்று பேசாமல் வந்தார். அப்புறம் சொன்னார்: "பிரேக்க நீங்க தடவறீங்கண்ணா. மொதல்லயே ஓங்கி மிதிக்கோணும், வளைவு வர வர மெதுவா விடோணும். நீங்க தலைகீழாப் பண்றீங்க."

அதுதான் இந்தக் காரின் சாவி. ஓங்கி மிதித்தால் எடை முழுதும் முன் டயர்மேல் வந்து உட்காரும், அழுத்தம் கூடக் கூட முன் டயரின் பிடியும் கூடும், அந்தப் பிடி இருக்கும்போதே ஸ்டியரிங்கைத் திருப்பிக்கொண்டு பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் 1,700 கிலோ காரும் சொன்ன பேச்சு கேட்டுத் திரும்பும். நான் அதுவரை வளைவுக்கு ரொம்ப முன்னாலேயே லேசாகத் தொட்டு, கடைசியில் பயந்து அழுத்திக்கொண்டிருந்தேன். எடை தப்பான நேரத்தில் முன்னால் வந்தது, மூக்கு வெளியே ஓடியது, நான் கார் கனம் என்று திட்டிக்கொண்டிருந்தேன். மதியத்துக்குள் சரியாக வந்தது. ஸ்டியரிங் நேராகிக்கொண்டு வரும்போது மட்டும் ஆக்சிலரேட்டரை அவிழ்த்துவிட, பின்பக்கம் ஒரு விரற்கடை வெளியே போய் மறுபடி வரிசைக்கு வரும், அந்த ஒரு நொடிக்காகத்தான் இரண்டு மணிக்கு எழுந்து இத்தனை தூரம் வருகிறேன். சக்கரம் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிராக்ஷன் கண்ட்ரோலில் பத்து நிலை உண்டு, பயிற்சியாளர் நாலில் வைக்கச் சொன்னார், இன்னும் நாலிலேயே வைத்திருக்கிறேன்.

டயருக்கு ஒரு வார்த்தை. என் வண்டியில் மிஷெலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ். ஐந்தரை டிகிரிக்கு ஒரு பி.எஸ்.ஐ. வீதம் காற்றழுத்தம் ஏறும், ஆகவே காலையில் வழக்கமான அளவுக்கு அடித்துவிட்டு டிராக்கில் இறங்கினால் பத்து சுற்றில் டயர் உப்பி நடுப்பகுதியில் மட்டும் உருளும். ஓட்டி முடித்து சூடாக இருக்கும்போதே அளந்து இறக்கிவிடுங்கள், திரும்பும் முன் மறக்காமல் ஏற்றிவிடுங்கள். இருபது ரூபாய் காற்று வேலைதான், ஆனால் எந்தப் பாகம் மாற்றினாலும் கிடைக்காத பலன்.

வேறொரு ஞாயிற்றுக்கிழமை மச்சானோடு அங்கே தேசிய ரேஸ் பார்க்கப் போயிருந்தேன். எல்.ஜி.பி. ஃபார்முலா 4 என்ற ஒற்றை இருக்கை ரேஸ் கார்கள், உள்ளே இருப்பது சாதாரண மாருதி ஸ்விஃப்ட் என்ஜின். நான் பிரேக்கில் ஏறி நிற்கும் இடத்தைத் தாண்டி அந்தப் பிள்ளைகள் ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே போனார்கள். மச்சான் திரும்பி, "மாப்ள, ஒன் வண்டி இந்த வளைவுல இவ்வளவு போகுமா?" என்றார். போகாது. எடை குறைந்த காரை வளைவில் பிடிக்க முடியாது. இதைத் தெரிந்துகொண்டு எம்2-வை வாங்குங்கள். முழுக்க டிராக்குக்கு மட்டும் என்றால் இந்தப் பணத்தில் பாதி போதும், அதில் ரேஸ் சீசனே ஓட்டலாம். காலையில் ரேஸ் டிராக், சாயங்காலம் ஏசி போட்டுக்கொண்டு அதே காரில் வீடு, மறுநாள் காலை பூ மார்க்கெட் என்றால் இதற்கு நிகர் சொற்பம். டிக்கி 390 லிட்டர், ஹெல்மெட்டும் டூல்ஸும் கம்ப்ரஸரும் இரண்டு பேர் பையும் கொள்ளும். பின் சீட் பிள்ளைகளுக்குத்தான், அம்மாவை ஏற்ற முன் சீட்டை விட்டால் வழியில்லை.

மைலேஜ் ஊருக்குள் 7, நான்குவழியில் 11, டிராக்கில் மூன்றுக்குக் கீழ். டேங்க் 52 லிட்டர் என்பதால் செட்டிபாளையம் போனால் டிராக் கேட்டுக்கு முந்தைய பெட்ரோல் பங்க்கில் நிரப்பாமல் உள்ளே போகாதீர்கள், 95 ஆக்டேன் எங்கே கிடைக்கும் என்று முன்னாலேயே கேட்டு வையுங்கள்.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை மதிப்பெண் எடைக்குப் போய்விட்டது. வருகிற மாதம் மறுபடி போகிறேன், இருங்காட்டுக்கோட்டைக்கும் இந்த வருடத்துக்குள் ஒரு தடவை. முன் பேட் பாதி மிச்சம், பிரேக் ஆயில் டின் காளவாசல் கடையில் வந்து இறங்கிவிட்டது, வியாழக்கிழமை மாற்றுகிறோம்.