கமிஷனில் பங்கு தரும் புரோக்கர் வழியாக வீட்டுக்கடன் மாற்றியது: சில வருட அனுபவம்

ஆஸ்திரேலியாவில் வீட்டுக்கடனை ஒரு பேங்கிலிருந்து இன்னொரு பேங்குக்கு மாற்றித் தரும் புரோக்கருக்கு நாம் பெரும்பாலும் காசு கொடுப்பதில்லை, புது பேங்க்தான் கொடுக்கிறது. கடன் தொகையில் ஏறக்குறைய 0.65 சதவீதம் முதலில் மொத்தமாக, அப்புறம் கடன் இருக்கும்வரை வருடத்துக்கு 0.15 சதவீதம் போல. இந்த இரண்டாவதைத்தான் டிரெயில் என்கிறார்கள். ஆறு லட்சம் டாலர் கடன் என்றால் முதலில் 3,900 டாலர், அதன் பிறகு வருடத்துக்கு 900 டாலர் வாக்கில். இதில் ஒரு பங்கை நமக்கே திருப்பித் தரும் புரோக்கர்கள் இருக்கிறார்கள். எங்கள் கடனை அப்படி ஒருவர் வழியாகத்தான் மாற்றினோம், சில வருடங்களாக அந்த ஏற்பாடு நன்றாகவே ஓடுகிறது.

ஒருவர் தரும் கணக்கு போல இன்னொருவர் தருவதில்லை. சிலர் முதல் கமிஷனில் மட்டும் பங்கு தருவார்கள், சிலர் தங்களுக்கென்று ஒரு நிலையான கட்டணத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தருவார்கள், சிலர் டிரெயிலில் பாதி. நாங்கள் டிரெயிலில் பாதி தருபவரைப் பிடித்தோம். முதல் தொகை ஒரு தடவையோடு முடிந்துவிடும், பழைய கடனை முடித்து விடுவிக்க அந்த பேங்க் வாங்கும் விடுவிப்புக் கட்டணத்துக்கும் பதிவுக் கட்டணங்களுக்கும் அதிலேயே ஒரு பகுதி போய்விடும். டிரெயில் வருடா வருடம் வரும்.

ஆனால் பணம் திரும்பி வருகிறதே என்று பேங்கைத் தேர்ந்தெடுக்காதீர்கள், இதை அழுத்திச் சொல்கிறேன். அதே ஆறு லட்சத்தில் வட்டி 0.20 சதவீதம் கூடினாலே வருடத்துக்கு 1,200 டாலர் போகிறது, பாதி டிரெயில் என்பது 450 டாலர்தான். வாடிக்கையாளரின் நலனை முன்வைத்தே புரோக்கர் ஆலோசனை சொல்ல வேண்டும் என்ற சட்டம் 2021 ஜனவரி முதல் இருக்கிறது. ஏன் இந்த பேங்க், ஏன் அது இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். எங்கள் புரோக்கர் சில பேங்குகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் வட்டியையும் வருடக் கட்டணத்தையும் ஆஃப்செட் வசதியையும் (கடனோடு இணைந்த கணக்கில் நாம் போட்டு வைக்கும் பணத்தைக் கழித்து, மிச்சக் கடனுக்கு மட்டும் வட்டி போடுவது) பக்கத்தில் போட்டு ஒரே தாளில் அனுப்பினார். முடிவு எங்களுடையது, சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாம் திரட்டி ஏற்றியதும் நாங்கள்தான். இரண்டு பேரும் மாதச் சம்பளக்காரர்கள் என்பதால் இது எங்களுக்குச் சரிப்பட்டது. சொந்தத் தொழில் செய்யும் என் மச்சான் கேட்டபோது, பங்கு எதுவும் தராவிட்டாலும் பரவாயில்லை, வருமானக் கணக்கை பேங்குக்குப் புரியவைத்துக் கூடவே நிற்கும் புரோக்கரிடம் போங்கள் என்றுதான் சொன்னேன்.

எங்கள் டிரெயில் பங்கு முதல் தடவை வந்தபோது ஆரம்ப மதிப்பீட்டைவிடக் குறைவாக இருந்தது. விசாரித்தால், கமிஷனைக் கணக்கிடும்போது ஆஃப்செட் கணக்கில் கிடக்கும் பணத்தை பேங்க் கழித்துவிடுகிறதாம். எங்கள் சேமிப்பு முழுவதும் அங்கேதான் இருந்தது. கமிஷன் கூட வரட்டும் என்று அதை வெளியே எடுத்து வைத்தால் வட்டியில் நஷ்டம், அதனால் இருந்தபடியே விட்டோம்.

பழைய பேங்கிடமிருந்து கழன்று வருவது வேறு கதை. வட்டியைக் குறைக்க முடியுமா என்று முன்பே கேட்டிருந்தோம், இதற்கு மேல் முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். விடுவிப்புப் படிவம் போய்ச் சேர்ந்ததும் அவர்களிடமிருந்தே போன் வந்தது, முடியாது என்று சொன்னதைவிடக் குறைந்த வட்டியோடு! அப்படியும் புது பேங்க் சொன்ன அளவுக்கு இறங்கி வரவில்லை என்பதால் மாற்றினோம்.

இரண்டு வருடத்துக்குள் மறுபடி வேறு பேங்குக்குப் போனால், கொடுத்த கமிஷனைப் புரோக்கரிடமிருந்து பேங்க் திரும்ப வாங்கிக்கொள்ளும். வழக்கமாக முதல் வருடம் முழுவதும், இரண்டாம் வருடம் பாதி. அந்த நஷ்டத்தைப் புரோக்கர் நம் தலையில் கட்டச் சட்டம் இடம் தருவதில்லை. ஆனால் அந்தக் காலத்தில் 'வேறு பேங்குக்குப் போங்கள்' என்று அவராக முன்வந்து சொல்வார் என எதிர்பார்க்க முடியாது, சந்தை வட்டியை நாமேதான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

புரோக்கரின் தரம் தெரிவது கடனை மாற்றி முடித்த அப்புறம்தான். ஆஸ்திரேலிய ரிசர்வ் பேங்க் அடிப்படை வட்டியை 2022 மே மாதத்தில் 0.10 சதவீதத்திலிருந்து ஏற்ற ஆரம்பித்து 2023 நவம்பரில் 4.35 வரை கொண்டுபோனது. பேங்குகள் புதிதாக வருபவர்களுக்கு ஒரு வட்டி, ஏற்கெனவே இருப்பவர்களுக்கு அதைவிடக் கூடுதலாக ஒரு வட்டி என்று வைத்திருப்பது சகஜம். அதைக் காட்டி வட்டியைக் குறைக்கச் சொல்லிப் புரோக்கர் மூலம் விண்ணப்பிக்கலாம். எங்களவர் மெயில் போட்டால் செய்து தருகிறார், பெரும்பாலும் கொஞ்சமாவது குறைகிறது. அவராக ஞாபகப்படுத்துவதில்லை. டிரெயில் வாங்குவதே இந்த மாதிரி வேலைக்குத்தான் என்பதால், கடனை மாற்றி முடித்த பிறகும் இதைச் செய்வீர்களா என்று முதல் பேச்சிலேயே கேட்டுவிடுங்கள்.

டிரெயில் பங்கு எங்களுக்கு வருடம் ஒருமுறை கணக்கில் விழுகிறது. எங்கள் கடனுக்கு பேங்க் எவ்வளவு கொடுத்தது என்று காட்டும் கமிஷன் அறிக்கைப் பக்கத்தையும் கூடவே வாங்கிக்கொள்கிறோம். இன்னொன்று, புரோக்கர்கள் தங்கள் டிரெயில் வருமானத்தையே மொத்தமாக வேறொருவருக்கு விற்றுவிட்டுப் போவதுண்டு. அப்படி விற்றால் வாங்குபவரும் நம் பங்கைத் தொடர்ந்து தர வேண்டும் என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் தேடிப் பாருங்கள். எங்களுடையதில் இல்லை, கேட்ட பிறகுதான் சேர்த்துத் தந்தார்.