கசியும் இரத்தத்துக்கு ஜெலட்டின் பஞ்சா, பெப்டைடு ஜெல்லா?

அறுவை சிகிச்சையில் தையலுக்கு அடங்காமல் ஊறிக்கொண்டே இருக்கும் இரத்தம் ஒரு தொல்லை. அதற்கு 1940-களிலிருந்து கைகொடுத்து வருவது ஜெலட்டின் பஞ்சு. பெரும்பாலும் பன்றித் தோலிலிருந்து எடுப்பார்கள். தன் எடையைப் போலப் பல மடங்கு இரத்தத்தை உறிஞ்சி, அது உறைவதற்குப் பிடிமானமாக நிற்கும். நான்கு முதல் ஆறு வாரங்களில் உடலுக்குள்ளேயே கரைந்துவிடும். இரத்தத்தை உறையவைக்கும் த்ராம்பின் என்ற நொதியில் நனைத்தும் வைக்கலாம்.

போட்டிக்கு வந்திருப்பது ராடா16 என்ற செயற்கைப் பெப்டைடு, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு குட்டிச் சங்கிலி. ஆர்ஜினின், அலனின், அஸ்பார்ட்டிக் அமிலம், மீண்டும் அலனின்; இந்த வரிசை நான்கு முறை, மொத்தம் 16 அமினோ அமிலங்கள். அவ்வளவுதான் சரக்கு! ஊசிக்குழலுக்குள் அமிலத்தன்மையோடு இருக்கும் 2.5% கரைசல், இரத்தம் பட்டு அமிலத்தன்மை தணிந்ததும், உப்புகளும் சேர, நானோ இழைகளாகத் தானே பின்னிக்கொண்டு கெட்டிப்படுகிறது. விலங்குப் பொருள் இல்லாததால் பன்றி என்றதும் எழும் தயக்கத்துக்கு இங்கே இடமில்லை.

எண்டோஸ்கோப்பியில் சந்தேகமே வேண்டாம், ஜெல்தான். நீண்ட மெல்லிய குழாய் வழியே செலுத்தலாம். தெளிவாக இருப்பதால் அடியில் எங்கே கசிகிறது என்று பார்த்துக்கொண்டே வேலை செய்யலாம். பஞ்சை அவ்வளவு தூரம் கொண்டுபோவதே பெரும்பாடு. முதுகெலும்பு போன்ற குறுகிய எலும்புக் குழிகளில் அதை விட்டுவைத்தால், உப்பி நரம்பை அழுத்தும் அபாயமும் உண்டு.

வயிற்றைத் திறந்து செய்யும் சாதாரண அறுவைக்கு என் ஓட்டு பஞ்சுக்கே. விலை குறைவு, குளிர்பெட்டியும் தேவையில்லை. தமனி பீய்ச்சி அடித்தால் இரண்டையும் நம்ப முடியாது. நூலால் கட்டத்தான் வேண்டும்.