ஜூனோவில் டிலிங்கிட் சிறுவர் முகாம்: மூன்று நாள் வேர், அப்புறம்தான் கூடை

அலாஸ்காவின் ஜூனோவில் கோடைதோறும் பிள்ளைகளுக்கு, அந்தப் பகுதியின் பழங்குடி மக்களான டிலிங்கிட்டுகளின் பண்பாட்டு முகாம்கள் நடக்கின்றன. அதில் ஒன்றுக்கு இந்த ஜூன் மாதம் என் மகளை அனுப்பினேன். அவளுக்கு 12 வயது. மொத்தம் 10 நாள், காலை 9 மணிக்கு விட்டால் மாலை 4 மணிக்குக் கூட்டி வரலாம். நாங்கள் டிலிங்கிட் இல்லை, இடம் இருந்தால் மற்ற பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டார்கள். சில குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் முகாமின் பெயரை எழுதவில்லை.

ஏதோ கைவேலை கற்றுக்கொண்டு வருவாள் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் மூன்று நாளும் கூடை என்ற பேச்சே இல்லை. வேர், வேர், வேர்தான், கூடை பின்னுவதே அந்த வேரில்தான். இரண்டாம் நாள் உதவிக்குப் போன நானும் கூடவே உட்கார்ந்து தோண்டினேன். சிட்கா ஸ்ப்ரூஸ் மரத்தடியில் பாசியை விலக்கி, மண்ணுக்குள் விரலால் துழாவி, பென்சில் கனத்தில் நேராக ஓடுகிற வேராகப் பார்த்துப் பிடிக்க வேண்டும், பிடித்ததும் வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும், அதன் போக்கிலேயே போய்க் கிளறிக்கொண்டு போனால் அது இன்னொரு வேருக்கு அடியில் நுழைந்துகொள்ளும். ஒரு மரத்தில் இரண்டு மூன்றுக்கு மேல் எடுக்க விடவில்லை. எடுத்த குழியை மண்ணும் பாசியும் போட்டு மூடாமல் எழுந்த பையனை, கற்றுக்கொடுக்க வந்திருந்த டிலிங்கிட் பாட்டி திரும்பக் கூப்பிட்டார். "மரத்தோட போர்வையை எடுத்திருக்கே, போர்த்திட்டு வா கண்ணு" என்றார், அவ்வளவுதான், அதட்டல் இல்லை.

அப்புறம் நெருப்பில் வாட்டி, தரையில் நட்ட பிளந்த குச்சியின் இடுக்கில் கொடுத்து ஒரே இழுப்பு. சுட்ட பட்டை சரசரவென்று கழன்று, உள்ளே ஈரமாக, வெள்ளை வெளேரென்று வேர் வரும். அதை நுனியில் பல்லால் கடித்துப் பிளந்து இரண்டாக வகிர வேண்டும். பிளவு ஒரு பக்கமாக ஓட ஆரம்பித்தால் தடித்த பக்கத்தைக் கூடுதலாக வளைத்து இழுத்தால் நடுவுக்கு வந்துவிடும். இதை யாரும் வாயால் சொல்லித்தரவில்லை. பாட்டியின் கையைப் பார்த்துப் பார்த்து, எட்டு பத்து வேரைப் பாழாக்கிய பிறகு என் மகளுக்குத் தானாகவே பிடிபட்டது. இந்த முகாமை நான் பரிந்துரைக்க முதல் காரணம் இதுதான். வெட்டி வைத்த பொருளைக் கையில் கொடுத்து ஒரு மணி நேரத்தில் முடித்து அனுப்பும் வகுப்புகள் நிறைய இருக்கின்றன. இங்கே பொருள் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு எடுக்கலாம் என்பதும் கலையில் சேர்த்தி.

சில்காட் என்ற, சடங்குப் போர்வை நெய்யும் டிலிங்கிட் நெசவும் அப்படியே. ஒரு பெரிய சில்காட் போர்வை முடிய ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகும், பத்து நாளில் அதைத் தொடவே முடியாது. அதனால் பாவு நூல் திரிக்க மட்டும் கற்றுக்கொடுத்தார்கள். மலையாட்டு உரோமத்தையும் மஞ்சள் சிடார் மரத்தின் உள்பட்டையையும் சேர்த்துத் தொடையில் வைத்து உள்ளங்கையால் உருட்டித் திரிப்பது. மகள் தொடை சிவந்து வந்தாள், கையளவு நூல் கொண்டுவந்தாள். எனக்கு அது நியாயமாகவே பட்டது.

மீன் வேலை நன்றாக இருந்தது, ஆனால் நெரிசல். சாக்கை என்ற வகை சால்மன் மீனைப் பிளந்து, வாராக அரிந்து, உப்பு நீரில் போட்டு, புகைக் குடிலில் ஆல்டர் விறகுப் புகையில் தொங்கவிடுகிறார்கள். கத்தி பிடித்துக் காட்ட ஒரே ஒரு மாமாதான், பிள்ளைகளோ இருபது பேருக்கு மேல். என் மகளுக்கு முறை வந்தது மதியத்துக்குப் பிறகு, கிடைத்தது ஒரு மீன். இன்னும் இரண்டு பெரியவர்களை அந்த மேசைக்குப் போட்டிருக்கலாம்.

ஓவிய வகுப்புதான் பலவீனம். ஃபார்ம்லைன் என்ற அந்தக் கோட்டு முறையில் முதலில் கறுப்பு, அதற்குள் சிவப்பு, அப்புறம் நீலப்பச்சை என்று ஒழுங்கு உண்டு. ஓவாய்ட் என்ற வடிவம் மேலே உப்பி, அடியில் லேசாக உள்வாங்கி இருக்கும், அந்த இழுவிசை கையில் வர நாளாகும். ஆனால் நகலெடுத்த தாளைக் கொடுத்து வண்ணம் தீட்டச் சொல்லிவிட்டார்கள். வேருக்குக் காட்டிய பொறுமையை இதற்கும் காட்டியிருக்க வேண்டும்.

டிலிங்கிட் மொழிக்கு தினமும் அரை மணி நேரம்தான், போதவே போதாது. 2014-ல் அலாஸ்காவின் ஆட்சி மொழிகளில் ஒன்றாகச் சட்டம் போட்ட மொழி இது, ஆனால் ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் இதைப் பேசினால் பிள்ளைகளுக்கு அடி விழுந்திருக்கிறது. சரளமாகப் பேசுகிறவர்கள் இன்று மிகச் சிலர், பெரும்பாலும் முதியவர்கள். அப்படி ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அரை மணியில் மணி அடிப்பது எனக்கு வலித்தது. ப, ம போன்ற உதடு ஒட்டும் ஒலிகள் அநேகமாக இல்லாத மொழி, நம் நிரோட்டகப் பாட்டு மாதிரி. நாக்கின் ஓரத்தில் காற்றை வழியவிடும் லகரம் ஒன்று இருக்கிறது, 'குனல்ச்சீஷ்' என்று நன்றி சொல்லும்போது வருவது. வீட்டில் எல்லோரும் முயன்றுகொண்டிருக்கிறோம், மகளுக்கு மட்டும்தான் வருகிறது.

பிள்ளைகள் தம்மைச் சொல்லிக்கொள்ளும் முறை எனக்கு மிகவும் பிடித்தது. டிலிங்கிட் குலங்கள் அண்டங்காக்கை, கழுகு என்று இரண்டு பக்கமாகப் பிரிந்திருக்கின்றன. அண்டங்காக்கைப் பக்கமா, கழுகுப் பக்கமா, எந்தக் குலம், அப்பா எந்தக் குலம், தாத்தா பாட்டி யார். பிள்ளை அம்மாவின் குலம். என் மகளுக்குக் குலம் இல்லை என்று ஒதுக்கிவிடாமல், அம்மா பெயர், அம்மாவின் அம்மா பெயர், அவர்கள் ஊர் என்று சொல்லச் சொன்னார்கள், அவள் எழுந்து நின்று சொன்னாள். ஒன்று கவனியுங்கள்: பாட்டுகள் குலத்துக்குச் சொந்தம். போனில் படம் பிடிக்கத் தூக்கினேன், ஒருவர் வந்து மெதுவாகக் கீழே இறக்கச் சொன்னார். கேட்காமல் எதையும் பதிவு செய்யாதீர்கள்.

கூடை கடைசியில் முட்டை அளவுக்குத்தான் வந்தது, வாய் கோணல். முதலில் செய்ததைத் தனக்கு வைத்துக்கொள்ளக் கூடாது, கொடுத்துவிட வேண்டும் என்று பாட்டி சொல்லியிருந்தார். அன்று இரவு சாப்பாட்டு மேசையில் அதை முன்னால் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் கொண்டுபோய், வேர் வகிரும்போது பக்கத்தில் உட்கார்ந்து தன் நல்ல வேர்களை இவளுக்குத் தள்ளிக்கொண்டே இருந்த சிறுமியிடம் கொடுத்துவிட்டாள்.

அனுப்புகிறவர்களுக்கு: முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் கட்டாயம், இங்கே எல்லோரும் போடும் எக்ஸ்ட்ராடஃப் போதும். மழைக்காக எதையும் நிறுத்துவதில்லை, மாற்று உடை இரண்டு செட் வையுங்கள். வெளியூர்க்காரர்கள் ஜூனோவுக்குச் சாலை வழி கிடையாது என்பதை மறக்க வேண்டாம், விமானம் அல்லது படகுதான். மீந்த வேர் ஒரு சுருள் எங்கள் அடுக்களையில் தொங்குகிறது. தண்ணீரில் ஊறவைத்தால் மறுபடி வளையுமாம், அடுத்த கூடை எனக்கு என்று சொல்லியிருக்கிறாள்.